காப்பு மென்பொருட் பரீட்சைகளும் அவற்றின் புள்ளிகளும்

நுகேகொடைச் சந்தியிலும் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவிலும் கணினிக் கடைகளிலே அன்ரிவைரஸ் என வழங்கும் காப்பு மென்பொருள்கள் விற்பனைக்கு உள்ளன. அவற்றின் பெட்டிகள் பலவற்றில் ஒரு முத்திரை காணப்படும். ஒஸ்திரியாவிலோ ஜேர்மனியிலோ உள்ள ஒரு பரீட்சை நிலையம் அம்மென்பொருளைச் சோதித்து உயர்ந்த தகுதி வழங்கிற்று என்பது அம்முத்திரையின் பொருள். வாங்குவோர் மென்பொருளின் உள்ளமைப்பை அறியார். விற்போரும் பெரும்பாலும் அறியார். இருவருக்கும் இடையே சான்றாய் நிற்பது அம்முத்திரை ஒன்றே. ஆதலின், அது குறிக்கும் புள்ளி எதனை அளக்கின்றது, வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் கணினி பெறுகின்ற காவலை அஃது உள்ளவாறு காட்டுகின்றதா என்னும் வினா தொழில்நுட்ப வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு பாடசாலை தன் சொற்ப நிதியை எதிற் செலவிடுவது, ஒரு மருந்தகம் தன் கணக்கேடுகளை எதனை நம்பி ஒப்படைப்பது என்பன இவ்வினாவின் விடையைச் சார்ந்தே நிற்கின்றன.

பரீட்சைப் புள்ளியை நம்புவதும் ஐயுறுவதும் நுகேகொடைக்குப் புதியனவல்ல. உயர்தரப் பரீட்சைக்கான தனியார் வகுப்புகளுக்குப் பேர்போன நகரம் அது. சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை ஐயந்திரிபறப் பயின்று உயர்ந்த சித்தி எய்தியவர், பல்கலைக்கழக ஆய்வுகூடத்திற் புகுந்ததும் தடுமாறுவதை அங்குள்ள ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். பரீட்சை பொய் சொல்லவில்லை. அது கேட்டதற்கு மாணவர் விடை எழுதினார். கேட்கப்படாதது எது என்பதே ஆராயத்தக்கது. காப்பு மென்பொருட் பரீட்சைகளையும் அவ்வாறே அணுகுதல் தகும்.

இப்பரீட்சைகளின் வரலாறு நெடியதன்று. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டு தோன்றிய ‘வைரஸ் புல்லற்றின்’ என்னும் ஏடு, 1998இல் ‘விபி 100’ என்னும் விருதை ஏற்படுத்திற்று. உலகில் உண்மையாகவே பரவி வருவன என அறியப்பட்ட வைரசுகளை ஜோ வெல்ஸ் என்பவர் 1993 முதல் ‘வைல்ட் லிஸ்ற்’ என்ற பெயரிற் பட்டியலிட்டு வந்தார். அப்பட்டியலில் உள்ளன யாவற்றையும் ஒன்று விடாது கண்டுபிடித்து, குற்றமற்ற கோப்பு எதனையும் நச்செனக் கூறாத மென்பொருளே அவ்விருதுக்கு உரியதாயிற்று. பட்டியல் சிறிதாய் இருந்த காலத்தில் இம்முறை பொருத்தமானதே. இன்று ஜேர்மனியின் மக்டபேர்க் நகரில் இயங்கும் ஏவி-ரெஸ்ற் நிலையம், நாள்தோறும் 450,000இற்கு மேற்பட்ட புதிய நச்சுநிரல்களையும் வேண்டாத நிரல்களையும் பதிவு செய்வதாகக் கூறுகின்றது. இவ்வெள்ளத்தைப் பட்டியலில் அடக்குதல் இயலாது. ஆகவே பரீட்சகர் மாதிரி எடுக்கும் முறைக்கு மாறினர்.

ஏவி-ரெஸ்ற் நிலையம் காவல், வேகம், பயன்படுதன்மை என்னும் மூன்று பகுதிகளுக்கும் தலைக்கு 6 புள்ளியாக 18 புள்ளி வழங்குகின்றது. இன்ஸ்பிறக் நகரில் உள்ள ஏவி-கொம்பராற்றிவ்ஸ் நிலையம் ‘நிஜ உலகக் காவற் பரீட்சை’ என்ற பெயரிலேயே ஒரு தொடரை நடத்தி வருகின்றது. அதில், இணையத்திற் கிடந்த நச்சு முகவரிகளை, மென்பொருள் நிறுவப்பெற்ற கணினி ஒவ்வொன்றும் ஒரே வேளையிற் சென்றடைகின்றது. கணினி கெடுகின்றதா, காக்கப்படுகின்றதா, அன்றி முடிவைப் பயனாளரிடமே மென்பொருள் விட்டுவிடுகின்றதா என்பன குறிக்கப்படுகின்றன. பயனாளரிடம் விடப்பட்டவற்றுக்கு அரைப் பங்கு மதிப்பே உண்டு. கோப்புகளைக் குவித்து வைத்து வருடிப் பார்த்த பழைய முறையினும் இது பன்மடங்கு மேலானது என்பதில் ஐயமில்லை. சென்னையில் 1990களின் தொடக்கத்திலே தோன்றிய கே7 நிறுவனமும் பூனா நகரில் வளர்ந்த குயிக் ஹீல் நிறுவனமும் இத்தகைய ஐரோப்பியப் பரீட்சைகளில் அமர்ந்தே உலகச் சந்தையிற் பெயர் பெற முயன்றன. பெரிய நாடுகளின் பெருங் கம்பனிகளோடு ஒரு சிறிய கம்பனி ஒரே மேசையில் ஒப்பிடப்படுதல் இப்பரீட்சைகளால் விளைந்த நன்மை. இதனை மறந்து குறை கூறல் நேர்மையாகாது.

இனி, புள்ளியின் எண்கணிதத்தை நோக்குவோர்க்கு முதல் இடர் தோன்றும். இப்பரீட்சைகளில் ஏறத்தாழ 400 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன எனக் கொள்வோம். ஒரு மாதிரியைத் தவறவிட்ட மென்பொருள் 99.75 வீதம் பெறும். மூன்றைத் தவறவிட்டது 99.25 வீதம் பெறும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள அரை வீதத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒன்று மற்றொன்றினும் சிறந்தது என விளம்பரஞ் செய்தல் இயல்பு. ஆயின் 400 மாதிரிகளுள் ஒன்றையேனும் தவறவிடாத மென்பொருளின் உண்மைத் தவறு வீதம் 0.75 வரை இருத்தல் கூடும் என்பது புள்ளியியலிற் பயின்ற எளிய விதி. ஆகவே முழுப் புள்ளி பெற்றதும் இரண்டைத் தவறவிட்டதும் உண்மையில் ஒரே தரத்தனவாய் இருத்தல் முற்றிலும் இயலும். ஏவி-கொம்பராற்றிவ்ஸ் நிலையம் இதனை உணர்ந்தே மென்பொருள்களைப் புள்ளியியல் முறையாற் குழுக்களாக வகுத்து விருது அளிக்கின்றது. குழுவின் பெயரை வாசிப்போர் சிலர். தசமத்தை வாசிப்போரே பலர்.

மாதிரிகளின் தொகை ஒரு புறமிருக்க, அவற்றின் தகுதி பற்றிய வழக்கே பெரிது. அவ்வழக்கை வெளிப்படையாகத் தொடுத்தது மைக்ரோசொப்ற் நிறுவனம். அதன் இலவசக் காப்பு மென்பொருள் 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஏவி-ரெஸ்ற் நிலையத்தின் சான்றிதழை இழந்தது. 2013 ஜனவரியில் அந்நிறுவனம் விடை பகர்ந்தது. முன் அறியப்படாத புதிய நச்சுநிரல்கள் 100ஐக் கொண்ட தொகுதியில் தன் மென்பொருள் 72ஐக் கண்டுபிடித்தது என்பதை அது மறுக்கவில்லை. தவறவிடப்பட்டவற்றைத் தன் வாடிக்கையாளரின் கணினிகளிலிருந்து வரும் தரவோடு ஒப்பிட்டபோது, அவற்றுள் 94 வீதம் எந்த வாடிக்கையாளரையும் தீண்டவில்லை என்றும், தீண்டப்பட்டவர் மொத்தத்தில் 0.0033 வீதத்தினரே என்றும் கூறிற்று. சுருங்கக் கூறின், பரீட்சகர் கேட்ட வினாக்கள் வாழ்க்கையில் வருவன அல்ல என்பதே அதன் வாதம்.

இவ்வாதம் இலங்கையர்க்கு எளிதில் விளங்கும். உயர்தரப் பரீட்சையில் வெறும் புள்ளிகளைக் கூட்டி மாணவரை ஒப்பிடுவது நேர்மையற்றது, பாடத்தின் கடினத்துக்கேற்ப அவற்றைச் சீர்தூக்க வேண்டும் என்ற கருத்தினாலேயே 2001ஆம் ஆண்டு முதல் இசற் புள்ளி முறை பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்டது. அச்சீர்தூக்கலும் தவறாது என்பதற்கில்லை. பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியோரை ஒன்றாகக் கலந்து கணித்த 2011ஆம் ஆண்டின் இசற் புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது நினைவிருக்கும். ஒரு நச்சுநிரல் ஆயிரம் வீடுகளைத் தாக்குகின்றது, மற்றொன்று ஒரே கணினியைத் தாக்கி மறைகின்றது எனின், பரீட்சையில் இரண்டிற்கும் ஒரே புள்ளி வழங்குதல் முறையன்று. பரவலுக்கேற்ப நிறையிட வேண்டும் என்று மைக்ரோசொப்ற் கேட்டதில் நியாயம் உண்டு.

எனினும் அந்நியாயம் முழுமையானதன்று. தவறவிடப்பட்ட நச்சுநிரல் எத்துணைக் கணினிகளைத் தீண்டிற்று என்பதை எண்ணியது யார்? தவறவிட்ட நிறுவனமே. அது தன் சொந்தக் கணினிகளின் அறிக்கையைக் கொண்டு எண்ணிற்று. பின்னர் பெயர் அறியப்பட்ட நிரல்களையே இவ்வாறு தேடிப் பார்த்தல் கூடும். என்றுமே பெயர் அறியப்படாதவை அக்கணக்கில் வாரா. தேர்வுக்குத் தோற்றியவரே விடைத்தாளை நிறையிடும் அளவையையும் வகுத்தல் போல்வது இது. அன்றியும், பரவலையே அளவுகோலாக்கினால், குறிபார்த்து எய்யப்படும் தாக்குதல்கள் அனைத்தும் நிறையற்றனவாய் ஒழியும். உலகில் ஒருவரை மட்டும் தாக்கும் நிரலின் பரவல் ஏறத்தாழச் சுன்னம். தாக்கப்பட்ட அவ்வொருவர்க்கோ இழப்பு முழுமையானது.

இதற்குச் சான்று அவ்வாண்டு அதே மாதத்தில் வெளிவந்தது. நியூயோர்க் ரைம்ஸ் நாளேடு தன் கணினிகளுக்குள் நான்கு திங்களாகச் சீனாவிலிருந்து ஊடுருவியோர் நடமாடியதைத் தானே வெளியிட்டது. அவர்கள் புகுத்திய தனிப்பட ஆக்கிய நச்சுநிரல்கள் 45. அவ்வேடு பயன்படுத்திய சிமாண்டெக் காப்பு மென்பொருள் அவற்றுள் ஒன்றையே இனங்கண்டது. காப்பு மென்பொருள் மட்டும் போதாது என்று சிமாண்டெக் விடையிறுத்தது. கூற்று உண்மை, ஆயினும் பெட்டியின் மேல் அச்சிடப்படும் கூற்று அதுவன்று. தமிழகத்திலும் இவ்வகை நிகழ்வு ஒன்று உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாக வலையமைப்போடு இணைந்த கணினி ஒன்றில் நச்சுநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்புக்கொண்டது. அதற்கு முந்திய நாள்தான் நிலையம் அச்செய்தியை மறுத்திருந்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதனாற் பாதிக்கப்படவில்லை எனக் கழகம் கூறிற்று. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், அச்செய்தி செப்ரெம்பர் 4ஆம் நாள் இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவினரிடமிருந்தே கழகத்தைச் சென்றடைந்தது என்பது. வீட்டிலே கள்வன் இருப்பதை ஊரவர் வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தகைய குறிபார்த்த தாக்குதல்களை விடுத்துச் சாதாரண மக்களின் நிலையை அளக்க முடியுமா? மருந்தொன்றின் பயனை மருத்துவர் அளப்பதுபோல அளந்து பார்த்தோர் உளர். கனடாவின் மொன்றியல் பொலிரெக்னிக் நிறுவனத்தினரும் கார்ள்ற்றன் பல்கலைக்கழகத்தினரும் நிகழ்த்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அருமையானது. 50 பேருக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. யாவற்றிலும் ஒரே காப்பு மென்பொருள். நான்கு திங்கள் அவர்கள் தத்தம் இயல்பின்படி அவற்றைப் பயன்படுத்தினர். திங்கள்தோறும் ஆய்வாளர் கணினிகளைப் பரிசோதித்தனர். 38 வீதத்தினரின் கணினிகளில் காப்பு மென்பொருள் நச்சுநிரலைக் கண்டு தடுத்தது. மென்பொருள் அங்கு இல்லாதிருப்பின் அவை கெட்டிருக்கும். அதே வேளையில் 20 வீதத்தினரின் கணினிகளில் மென்பொருள் காணாத ஏதோ ஒரு வேண்டாத நிரல் குடிபுகுந்திருந்தது. மற்றொரு முடிபு வியப்புக்குரியது: கணினி அறிவு மிக்கோர் எனத் தம்மைக் கருதியவரே கூடுதலாக ஆபத்துக்கு உள்ளாயினர்.

50 பேர் என்பது சிறு தொகை. நான்கு திங்களும் குறுகிய காலம். ஆயினும் இவ்வாய்வு முதன்மையான ஒன்றைத் தெளிவாக்குகின்றது. பரீட்சை நிலையத்தின் 99 வீதமும் மொன்றியல் வீடுகளின் 20 வீதமும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அவை வேறு வேறு பொருள்களை எண்ணுகின்றன. முன்னது நிரல்களை எண்ணுகின்றது. பின்னது மனிதரை எண்ணுகின்றது. ஒரு மென்பொருள் எதிர்ப்படும் நச்சுநிரல்களுள் 99.5 வீதத்தைத் தடுக்கும் எனக் கொள்க. அதனை உடையவர் ஓராண்டில் 20 முறை நச்சுநிரலை எதிர்கொள்வாராயின், இருபதிலும் தப்புவதற்கான நிகழ்தகவு 0.905 அளவினதே. அஃதாவது அத்தகையோர் பதின்மருள் ஏறத்தாழ ஒருவர் அவ்வாண்டிற் பாதிக்கப்படுவர். தவறுகள் ஒன்றையொன்று சாராதன என்று வைத்துச் செய்யப்பட்ட கணக்கு இது. உண்மையில் அவை கொத்துக் கொத்தாக வருவன. எனினும் அளவின் திசை இதுவே. அடிக்கடி களவுப் பிரதி மென்பொருளை இறக்கிப் பழகியவர் 20 முறை அன்று, 200 முறை எதிர்கொள்வார். அவருக்கு 99.5 என்னும் புள்ளி, தாம் தப்புவதினும் பாதிக்கப்படுவதற்கே வாய்ப்பு மிகுதி என்பதன் மறுபெயரே ஆகும். பணங் கொடாது பெற்ற விண்டோசும் அதற்குப் பூட்டுடைக்கும் சிறு நிரலும் எத்துணைக் கணினிகளில் இருக்கின்றன என்பதைக் கொழும்பிலே கணினி திருத்துவோர் நன்கு அறிவர்.

இதுகாறும் கூறியவை பரீட்சகர் நேர்மையாகவும் தேர்வர் நேர்மையாகவும் நடந்துகொண்டபோது எழும் இடர்கள். தேர்வரின் நேர்மையும் ஐயத்துக்கு உரியதாயிற்று. 2015ஆம் ஆண்டு ஏவி-கொம்பராற்றிவ்ஸ், ஏவி-ரெஸ்ற், வைரஸ் புல்லற்றின் ஆகிய மூன்றும் ஒன்றுகூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. சீனாவின் சீஹூ 360 நிறுவனம் பரீட்சைக்கு அனுப்பிய மென்பொருளில் ருமேனிய நாட்டுப் பிட்டிஃபெண்டர் நிறுவனத்தின் ஆய்வுப்பொறி இயங்கிற்று. நிறுவனத்தின் சொந்தப் பொறி நிறுத்தப்பட்டிருந்தது. சீன மக்கள் பெற்ற மென்பொருளிலோ பிட்டிஃபெண்டர் பொறி நிறுத்தப்பட்டு, சொந்தப் பொறியே இயங்கிற்று. அதாவது பரீட்சை எழுதியது ஒன்று. வேலைக்கு வந்தது மற்றொன்று. அவ்வாண்டில் அந்நிறுவனம் பெற்ற சான்றிதழ்களை மூன்று நிலையங்களும் மீளப் பெற்றன. சின்னாட்களுள் மற்றொரு சீனப் பெருங் கம்பனியான டென்சென்ட், பரீட்சையில் வேகமாய்த் தோன்றும் பொருட்டு மென்பொருளிற் செய்திருந்த மாற்றங்களும் வெளிப்பட்டன. அதே ஆண்டின் செப்ரெம்பரில் வோல்க்ஸ்வாகன் கார்கள் புகைப் பரீட்சையில் மட்டும் நற்புகை காட்டியதை உலகம் அறிந்தது. அளவுகோல் ஒன்று விற்பனையைத் தீர்மானிக்கத் தொடங்கியதும், பொருளைத் திருத்துவதினும் அளவுகோலுக்கேற்ப நடித்தல் மலிவாகி விடுகின்றது. மூன்று நிலையங்களும் தம் வருவாய்க்கு ஆதாரமான வாடிக்கையாளரையே வெளிப்படையாகக் கண்டித்தன என்பதையும் குறிப்பிடல் வேண்டும். பரீட்சைக்கு அமர்வோரே கட்டணஞ் செலுத்தும் ஒரு தொழிலில் அது சிறிய செயலன்று.

களவு இன்றியும் புள்ளி பெறலாம் என்பதற்கு வேறொரு சோதனை உண்டு. ரசிய நிறுவனமான கஸ்பர்ஸ்கி குற்றமற்ற கோப்புகள் 20ஐ ஆக்கி, அவற்றுட் பத்தைத் தன் மென்பொருள் நச்செனக் கூறுமாறு வேண்டுமென்றே அமைத்து, பல நிறுவனங்களின் தீர்ப்புகளை ஒருங்கே காட்டும் பொது இணையச் சேவையில் இட்டது. பத்து நாள்களுக்குள் மற்றும் 14 நிறுவனங்கள் அக்குற்றமற்ற கோப்புகளை நச்சென அறிவித்தன. 2010இன் தொடக்கத்தில் இது வெளியாயிற்று. ஒருவர் விடைத்தாளைப் பார்த்து மற்றவர் எழுதியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பழைய மாதிரிகளைக் கொண்டு நடத்தப்படும் பரீட்சை, நோக்கிக் கண்டுபிடித்தவரையும் பார்த்து எழுதியவரையும் பிரித்தறியாது. கஸ்பர்ஸ்கி இச்சோதனையை நடத்தியதிலே தன்னல நோக்கமும் இருந்திருக்கலாம்; அதனாற் சான்று கெடுவதில்லை.

பொய்யெச்சரிக்கையைப் பற்றி ஒரு சொல். அதனைப் பரீட்சகர் கணக்கில் எடுக்கின்றனர். ஆனால் அதன் விளைவை அளத்தல் அவர்களுக்கு இயலாது. 2010 ஏப்ரல் 21ஆம் நாள் மக்காபி நிறுவனத்தின் இற்றைப்படுத்தல் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாக் கோப்பு ஒன்றை நச்செனக் கருதி நீக்க முற்பட, பல நாடுகளிற் கணினிகள் ஓயாது மீளத் தொடங்கிக்கொண்டே இருந்தன. பரீட்சைத் தாளில் அது ஒரேயொரு பொய்யெச்சரிக்கை. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தல் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கி, விமானங்களையும் மருத்துவமனைகளையும் நிறுத்தியபோது எந்த நச்சுநிரலும் ஆங்கு இல்லை. காவலனே வாயிலை அடைத்துக்கொண்டு விழுந்த கதை அது; அதற்கு எப்பரீட்சையிலும் வினா இல்லை.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரசா அன்றா எனத் தவறாது தீர்ப்புக் கூறவல்ல ஒரு நிரலை ஆக்குதல் கொள்கையளவிலேயே இயலாது என்பதைப் பிரெட் கோகன் 1980களிலே கணித முறையால் நிறுவினார். ஆகவே நூறு வீதம் என்னும் புள்ளி எங்கேனும் காணப்படின், அது மென்பொருளின் முழுமையைக் காட்டுவதினும் வினாத்தாளின் எல்லையைக் காட்டுகின்றது எனலே பொருந்தும்.

அங்ஙனமாயின் இப்புள்ளிகள் பயனற்றனவா? அல்ல. ஒரு மென்பொருள் பல நிலையங்களிற் பல்லாண்டு தொடர்ந்து 90 வீதத்துக்குக் கீழ் நிற்குமாயின் அதனை விலக்கத் தயங்க வேண்டியதில்லை. தாழ்ந்த புள்ளி கூறும் செய்தி பெரும்பாலும் உண்மையானது. உயர்ந்த புள்ளி கூறுவது மிகக் குறைவு. ஒரு நிலையத்தின் ஒரு திங்கட் பட்டியலினும், ஆண்டுகள் பலவற்றின் ஓட்டம் நம்பத்தக்கது. உச்சியில் நெருங்கி நிற்கும் ஆறேழு மென்பொருள்களுள் எதனைத் தெரிவது என்னும் வினாவுக்குப் பட்டியல் விடை தாராது. அவ்விடத்திலே விலை, கணினியின் வேகம், உரிமம் காலாவதியாகும்போது என்ன நிகழும் என்பவற்றை வினவுதலே தகும்.

இலங்கை அரசின் அனுபவம் இவ்விடத்திற் பொருத்தமானது. 2023 ஓகஸ்ற் 26ஆம் நாள் அரச மின்னஞ்சல்களைத் தாங்கிய இலங்கை அரச முகிற் சேவை, தரவுகளைப் பூட்டிப் பணங் கேட்கும் நச்சுநிரலால் தாக்குண்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையிலான மடல்கள் மீளப் பெறப்படாது அழிந்தன; அக்காலப் பகுதிக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. மடல்களைக் கையாண்ட மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை அந்நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடித்துக்கொண்டிருந்தது. பழைய பதிப்பை மாற்றுதற்கு வேண்டிய பணம் உரிய காலத்திற் கிடையாமையும் காரணமாகக் கூறப்பட்டது. இந்நிகழ்விலே எந்தக் காப்பு மென்பொருள் எத்துணைப் புள்ளி பெற்றது என்ற ஆராய்ச்சி பயனற்றது. மூன்று திங்களுக்கு மேற்பட்ட மடல்களைக் காத்திருக்கக் கூடியது வேறிடத்தில் எடுத்து வைத்த ஒரு பிரதியே. அதனை எந்தப் பரீட்சை நிலையமும் சோதிப்பதில்லை. சோதிக்க வேண்டும் என எதிர்பார்த்தலும் முறையன்று.

பரீட்சை நிலையங்கள் அளந்து வெளியிட்டும் விற்பனையாளர் வெளியிடாத ஒன்று உண்டு. ஏவி-கொம்பராற்றிவ்ஸ் நிலையத்தின் மற்றொரு பரீட்சை, பென்டிரைவிலிருந்தும் உள்ளூர் வலையமைப்பிலிருந்தும் வரும் நச்சுநிரல்களைப் பற்றியது. அதன் அட்டவணையில் இணையத் தொடர்பு உள்ளபோது பெற்ற வீதமும் இல்லாதபோது பெற்ற வீதமும் தனித்தனி நிரல்களாகத் தரப்படுகின்றன. தொடர்பு உள்ளபோது 99 வீதத்துக்கு மேல் எட்டும் சில மென்பொருள்கள், தொடர்பு அற்றதும் அதனினும் மிகத் தாழ்ந்து விடுகின்றன. ஏனெனில் அவற்றின் அறிவின் பெரும்பகுதி கம்பனியின் தொலைதூரக் கணினிகளில் இருக்கின்றது. ஐரோப்பிய நகரத்தவர்க்கு இரண்டாம் நிரல் அத்துணை முக்கியமன்று. நுகேகொடையிலே வகுப்புக் குறிப்பை அச்சிடுவதற்காகக் கடைக்குக் கடை பென்டிரைவைக் கொண்டுசெல்லும் மாணவருக்கும், தரவுப் பொதி முடிந்து மாதக் கடைசியை எதிர்பார்க்கும் வீட்டினருக்கும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது மடிக்கணினியின் மின்கலத்தைக் கொண்டு வேலை செய்தோருக்கும் உரிய புள்ளி அவ்விரண்டாம் நிரலில் உள்ளது. பெட்டியின் மேல் அச்சிடப்படுவது முதலாம் நிரல்.